கடைமடை வெளிச்சம்

சுழலும் லென்ஸ் வேண்டாமென்று முதலிலேயே முடிவு.
அது முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்;
பதினோரு கிலோமீட்டர் நூல் பிடித்தாற்போல் போகிற
என் வாய்க்கால் கரையை வில்லாக வளைத்துவிடும்.
வளையாத கரைக்குத்தான் நான் பில் பாஸ் செய்திருக்கிறேன்.

ஆறுக்குப் பன்னிரண்டு போதாது.
மதகு உள்ளே வந்தால் வயல் வெளியே நிற்கிறது.
ஆறு சென்டிமீட்டர் உயரம், பதினேழு அகலம்,
அதுதான் வேண்டும்.
இந்த மண்ணுக்கு உயரம் எதற்கு?
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
தென்னை ஒன்றுதான் பிலிமின் மேல்விளிம்பைக் கேட்டது.
கஜாவில் அதுவும் படுத்துக்கொண்டது,
பதினேழுக்கு வசதியாக.

ஜெர்மன் கேமராவின் விலையில் ஒரு நடவு இயந்திரம் வாங்கலாம்.
ஜப்பான்காரனுடையதில் லென்ஸைக் கழற்ற முடியாது.
எனவே தொண்ணூறு எம்எம் லென்ஸ் மட்டும்
கூரியரில், யாருடைய வேட்டியிலோ சுற்றி வந்தது.
மீதிக்கு முத்துப்பேட்டை.

படகு ஷாப்டுக்குப் புஷ் கடைகிற லேத்தில்
ஜெகபர் சாதிக் அலுமினியக் கூம்பு கடைந்தார்.
'கால் மில்லி முன்னே பின்னே போனா என்னாவும்?'
தூரத்துக் கரை மங்கும் என்றேன்.
'எங்க அலையாத்தியில அது எப்பவும் அப்டித்தானே.'
சொன்னாரே தவிர
கடைந்ததை இரண்டு முறை தூக்கிப் போட்டார்.

முதுகில் சிவப்புச் சன்னல்.
பிலிம் தாளில் பன்னிரண்டு எண்கள் வரும்;
எனக்கு ஒன்று, நாலு, ஏழு, பத்து.
மற்றவற்றை வரவிட்டு, போகவிட்டு,
மூச்சைப் பிடித்துத் திருக வேண்டும்.

முதல் சுருளை ஈரத்தோடு தூக்கிப் பார்த்தேன்.
நடுவில் எல்லாம் தாராளம்.
இரண்டு ஓரத்திலும் நெகட்டிவ் வெளுத்துக் கிடந்தது,
அதாவது பிரிண்டில் இருட்டு.
லென்ஸில் புகுந்த வெளிச்சம்
கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை.

எனக்குப் புதிதில்லை இந்தப் புகார்.
ஆகஸ்டில் மனுவாக வரும்,
செப்டம்பரில் மறியலாக.

இதற்கென்று ஒரு பில்டர் உண்டு,
நடுவில் கறுத்து ஓரத்தில் தெளிந்தது.
விலை லென்ஸைவிட அதிகம்.
நடுவை அடைத்து ஓரத்துக்குத் தருவது முறைப்பாசனம்;
அதைக் கண்ணாடியில் செய்து காசு கேட்கிறார்கள்.

மேசை இழுப்பறையில்
பூ விளிம்பு வைத்த பழைய பத்துப் பைசா கிடந்தது.
கறுப்படித்துக் குடைக்கம்பி நுனியில் ஒட்டினேன்.

விடிகாலை, கடைசி ரெகுலேட்டர்.
லஸ்கர் தம்புசாமி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.
'மேடம், தலைகீழா இருக்கு.'
ஆமாம்.
'இடது வலதும் மாறியிருக்கு.'
ஆமாம்.
கொஞ்ச நேரம் ஆள் வெளியே வரவில்லை.
'அப்ப இதுல நம்ம கடைமடைதான் தலைப்பு.'
துணி குலுங்கியது.

எட்டு நொடி. அவர் எண்ணினார்.
நாலு வரைக்கும் லென்ஸின் முன்னே
காசை ஆட்டிக்கொண்டே நின்றேன்,
முன்னே, பின்னே, வட்டமாக.
'ஷட்டர் இறக்கறாப்ல இருக்கு' என்றார்
எண்ணுவதை நிறுத்திவிட்டு.
எத்தனை நொடி ஆனதென்று
இருவருக்கும் தெரியாது.

நாலில் மூன்று கெட்டுப்போயின.
காரணம் பாதி என் கை, பாதி ஜெகபரின் மூடி;
அவரிடம் சொல்லவில்லை.

பத்தாம் எண்ணில்
இடது ஓரக் கோரை தாள் தாளாகத் தெரிகிறது.
வலது ஓரத்தில் வெடித்த சேறு,
வரப்பில் குந்தியிருக்கும் ஒருவர்,
தோளில் துண்டின் கரை.
அவர் அங்கே இருந்ததை
எடுக்கும்போது நான் பார்க்கவில்லை.

நடுவில் மட்டும் லேசாக ஒரு மப்பு.
கொஞ்சம் அதிகமாக அடைத்துவிட்டேன்.

தம்புசாமி பிரிண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து
ஓரத்திலிருந்து ஓரம் வரை போய்த் திரும்பி வந்தார்.
'தலைப்புக்காரன் சண்டைக்கு வருவான், மேடம்.'